டிஸ்கோ, பூகி சிங்கிள்களுக்கு 12 அங்குல இசைத்தட்டு எதற்கு?

ஒரே பாட்டுக்கான சிங்கிளுக்கு, முழு ஆல்பம் கொள்ளும் எல்பி அளவுத் தட்டு ஏன் என்பது கேள்வி. முக்கியக் காரணம் பேஸ், அதாவது இசையின் தாழ்ந்த, அதிரும் ஒலி. அது பலமாக ஒலிக்க, தட்டில் ஊசி ஓடும் பள்ளம் அகலமாக அலைய வேண்டும். வழக்கமான 7 அங்குல சிங்கிளில் அதற்கு இடமில்லை. பெரிய தட்டில் ஏழெட்டு நிமிடப் பாட்டையும் அதிர அதிரப் பதியலாம். முன்பு பெரும்பாலும் டிஜேக்களுக்கே கிடைத்த இவ்வகைத் தட்டை, நியூயார்க்கின் சல்சோல் நிறுவனம் 1976-இல் ‘டென் பர்சென்ட்’ பாடலோடு கடைக்குக் கொண்டுவந்தது.

மறு வருடமே பாடகி டோனா சம்மரின் ‘ஐ ஃபீல் லவ்’. மியூனிக்கில் தயாரிப்பாளர் ஜார்ஜியோ மொரோடர் குழு பேஸை மூக் சிந்தசைசர் எனும் மின்னணு இசைக்கருவியிடம் ஒப்படைத்தது; கிக் டிரம் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) மட்டும் ஆள் வாசித்தது!

அப்புறம் பூகி, டிஸ்கோவை அடுத்து வந்த நடன இசை: வேகம் கொஞ்சம் குறையும், சிந்த் பேஸ் தடிக்கும். முதலில் டி ட்ரெயினின் ‘யூ ஆர் த ஒன் ஃபார் மீ’ (1981) கேளுங்கள். அந்தக் குரலில் தேவாலயப் பாட்டின் உற்சாகம் அப்படியே இருக்கிறது.