ஜெர்மனிக்குப் புதுசா வந்தவங்களோட வீட்டுக் கேள்விகள், அக்கா பதில்கள்

ஸ்டுட்கார்ட் பக்கம் ரொம்ப வருஷமா குடும்பத்தோட இருக்கேன், வீடு, கடை, சமையல் எது வேணாலும் கேளுங்க. விசா பத்தி மட்டும் என்கிட்ட கேக்காதீங்க.

கேள்வி: அக்கா, காலைல ஜன்னல் கண்ணாடில தண்ணியா வழியுது, பீரோவுக்குப் பின்னாடி சுவர்ல கருப்பு கருப்பா புள்ளி வந்திருக்கு. மழைத்தண்ணி எங்கயும் ஒழுகலையே?

பதில்: அது பூஞ்சைம்மா, உடனே கவனிங்க. நாம சோறு வடிக்கிறது, குளிக்கிறது, துணிய ரூமுக்குள்ளயே காயப்போடறது எல்லாத்துலயும் வர்ற ஈரம் காத்துல நிக்குது, இங்க ஜன்னல் காத்து புகாத மாதிரி இறுக்கமா மூடிக்கும், அதனால அந்த ஈரம் வெளிய போக வழியில்லாம குளிர்ந்த சுவர்ல போய் தண்ணியா படியுது. காலைல, சாயங்காலம், சமைச்சு முடிச்சதும், ஹீட்டரைக் குறைச்சிட்டு ஜன்னலை முழுசாத் திறந்து அஞ்சு பத்து நிமிஷம் விடுங்க. பனியா இருந்தாலும் திறங்க. இங்க ஜன்னலை மேல்பக்கம் மட்டும் சாய்ச்சும் திறக்கலாம், அப்படி நாள் பூரா விடறது வேண்டாம், சுவர் இன்னும் குளிர்ந்துதான் போகும். பீரோவையும் சுவர்லேர்ந்து ஒரு கையகலம் தள்ளி வைங்க. காலி பண்ணும்போது இதைக் காட்டி அட்வான்ஸ்ல பிடிப்பாங்க, அது மூணு மாச வாடகை வரைக்கும் இருக்கும், சின்னப் பணம் இல்ல.

கேள்வி: தண்ணி பாட்டிலுக்கு பில்லுல 25 சென்ட் தனியா போட்டிருக்கான், எதுக்கு?

பதில்: அது ப்ஃபாண்ட், டெபாசிட். காலி பாட்டிலை சூப்பர்மார்க்கெட் மெஷின்ல போட்டா சீட்டு வரும், கவுன்ட்டர்ல குடுத்தா காசு. நசுக்கிடாதீங்க, மெஷின் பார்கோட படிக்கணும். பீர் பாட்டிலுக்கு 8 சென்ட்தான். வழியில குடிச்சிட்டு வேண்டாம்னா குப்பைத்தொட்டிக்குள்ள போடாம பக்கத்துல கீழ வைங்க, பாட்டில் பொறுக்கி காசு பாக்கற வயசானவங்க நிறைய பேர் இருக்காங்க, தொட்டிக்குள்ள கைவிட்டுத் தேட வேண்டியிருக்காது. எனக்கு இந்த ஊர்ல ரொம்பப் பிடிச்ச பழக்கம் இது.

கேள்வி: ஊர்லேர்ந்து குக்கர், மிக்ஸி எடுத்துட்டு வரலாமா அக்கா?

பதில்: மிக்ஸி தாராளமா, இங்கயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். மூணு பின் பிளக் மட்டும் நுழையாது, அடாப்டர் வாங்கிக்கங்க. குக்கர்தான் பாத்து வாங்கணும், இண்டக்‌ஷன் அடுப்பா இருந்தா சாதா அலுமினியம் சூடே ஆகாது, கடைலயே அடியில ஒரு காந்தத்தை வச்சுப் பாருங்க, ஒட்டினா எடுங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல காலைல ஆறு வரைக்கும் மிக்ஸி ஓட்டாதீங்க, கீழ்வீட்டுக்கு அப்படியே கேக்கும்.

கேள்வி: ஞாயித்துக்கிழமை பால் கூட கிடைக்கல!

பதில்: கிடைக்காது, அன்னைக்குக் கடையெல்லாம் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வச்சிடுங்க. அவசரம்னா பெரிய ரயில்வே ஸ்டேஷன் கடை, பெட்ரோல் பங்க். சத்தம் வரும்னு சுவர்ல டிரில் போடறதும் அன்னைக்குக் கூடாது.

கேள்வி: பேங்க் கார்டு அனுப்பிட்டோம்னு சொல்றாங்க, வீட்டுக்கு வரவே இல்ல. அட்ரஸ் சரியாத்தான் குடுத்தேன்.

பதில்: லெட்டர் பாக்ஸ்ல உங்க பேர் இருக்கா? இங்க பெரும்பாலும் ஃபிளாட் நம்பர் கிடையாது தம்பி, தெருவும் கட்டட நம்பரும்தான், அதுக்கப்புறம் போஸ்ட்மேன் பேரைப் பாத்துதான் போடுவார், பேர் இல்லேன்னா திருப்பி அனுப்பிடுவார். நம்ம ஆளுங்களுக்கு இதுல இன்னொரு சிக்கல், பாஸ்போர்ட்ல அப்பா பேர் சர்நேமா இருக்கும், நீங்க உங்க பேரை ஒட்டியிருப்பீங்க, லெட்டர் அப்பா பேர்ல வரும். கல்யாணம் ஆனவங்கன்னா புருஷனுக்கு ஒரு சர்நேம், பொண்டாட்டிக்கு ஒரு சர்நேம். அதனால பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே வீட்டுல உள்ள எல்லார் பேரையும் பெட்டிலயும் காலிங்பெல்லயும் ஒட்டுங்க. பெல்லுக்குப் பேர் தகடு ஹவுஸ் ஓனர்தான் மாத்தித் தருவார்னா, அது வர்ற வரைக்கும் ஒரு பேப்பர்ல எழுதி டேப் போட்டு வைங்க. இன்னைக்கே ஒட்டிட்டு, பேங்க்ல வேற கார்டு அனுப்பச் சொல்லுங்க.