பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கல்லூரி சென்டர் இனிமேல் வளருவாரா?

கேள்வி: நான் படிக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணியில் மாற்று சென்டர் (வளையத்தின் அருகே ஆடும் உயரமான ஆட்டக்காரர்) ஒருவர் இருக்கிறார். உயரம் 6 அடி 11 அங்குலம். இரண்டு பருவம் முடிந்துவிட்டது. ஆட்டத்துக்கு 9 நிமிடம், 3 புள்ளி என்ற அளவிலேயே நிற்கிறார். விடுதியில் எல்லோரும் அவரைக் கைகழுவிவிட்டார்கள். இனி அவர் தேற வாய்ப்பு உண்டா?

பதில்:

உண்டு. மற்ற இடங்களில் ஆடுபவர்களைவிட சென்டருக்கு அந்த வாய்ப்பு கொஞ்சம் அதிகம் என்றே சொல்வேன். அதற்காக உயரத்தை மட்டும் பார்த்து நண்பர்களிடம் பந்தயம் கட்டிவிடாதீர்கள். அவர் ஏன் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் முக்கியம். முன்னால் ஒரு நல்ல ஆட்டக்காரர் இருப்பதால் உட்கார்ந்திருப்பவரும், களத்தில் இறக்கினால் காரியம் கெட்டுவிடும் என்பதால் உட்கார்ந்திருப்பவரும் புள்ளிவிவரத் தாளில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவர் ஃபிராங்க் கமின்ஸ்கி. விஸ்கான்சின் பல்கலைக்கழகம் இருக்கும் மேடிசனில் நான் முதுகலை படித்த காலத்தில் அந்த அணியின் பெஞ்சில் இருந்தவர். கோல் சென்டர் அரங்கில் மாணவர் டிக்கெட் எடுத்துப் போனால், ஜாரெட் பெர்க்ரென் மூச்சு வாங்கும் நேரத்தில் இவர் இறங்குவார், சில நிமிடம் ஓடுவார், திரும்பிப் போய் உட்காருவார். முதல் பருவத்தில் ஆட்டத்துக்கு 1.8 புள்ளி. இரண்டாம் பருவத்தில் 10 நிமிடம், 4.2 புள்ளி. உங்கள் ஆளின் கணக்கும் ஏறக்குறைய இதுதான். கமின்ஸ்கியிடம் பந்து போனால் என் பக்கத்து இருக்கைக்காரர்கள் செல்பேசியைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

2013 வசந்தத்தில் பெர்க்ரென் படிப்பு முடித்துப் போனார். அந்த நவம்பர் 19 அன்று நார்த் டகோட்டாவுக்கு எதிராக கமின்ஸ்கி 43 புள்ளி எடுத்தார். பல்கலைக்கழக அணியின் சாதனை. 19 வீச்சுகளில் 16 உள்ளே. மூன்று புள்ளி வீச்சில் ஆறுக்கு ஆறு. அந்தப் பருவம் அணி இறுதி நால்வர் சுற்றுக்குப் போனது. அடுத்த பருவம், 38 ஆட்டம் தொடர்ந்து வென்று தோல்வியே காணாமல் வந்த கென்டக்கியை அரையிறுதியில் 71-64 என்று வீழ்த்தியது. இறுதியில் டியூக்கிடம் தோற்றது வேறு கதை. கமின்ஸ்கி அந்த ஆண்டின் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர். 2015 என்பிஏ டிராஃப்டில், அதாவது தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், ஒன்பதாவது இடத்தில் ஷார்லட் அணி அவரை எடுத்தது.

அதிர்ஷ்டம் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. போ ரையன் பயிற்சியாளராக இருந்த அணியில் ஐந்து பேரும் இடம் மாறி மாறி ஆட வேண்டும். சென்டர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று பந்து கொடுக்க வேண்டும். கார்ட், அதாவது வழக்கமாக வெளியே நின்று பந்தைக் கொண்டுபோகும் உயரம் குறைந்தவர், உள்ளே போய் முதுகைக் காட்டி நின்று பந்து வாங்க வேண்டும். அந்த முறையில் இரண்டு ஆண்டு பயிற்சி எடுத்தவருக்கு நிமிடம்தான் கிடைக்கவில்லை, பாடம் கிடைத்திருந்தது. மூன்றாம் ஆண்டில் அவர் ஆடியதைப் பார்த்தால் இது புரியும். காவல் காப்பவர் வெளியே ஓடி வந்தால் வீசுவதுபோல் பாவனை காட்டி, பந்தை ஒரே ஒரு தடவை தரையில் தட்டி, ஒரு காலை ஊன்றிச் சுழன்று வளையத்தின் அடியில் இருப்பார். வராவிட்டால் நின்ற இடத்திலிருந்தே வீசுவார். வேகம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. கால்வேலைதான் முழுக்க.

இப்போது உங்கள் ஆளின் கணக்குக்கு வருகிறேன். ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று பார்ப்பதை முதலில் விடுங்கள். கல்லூரி ஆட்டம் 40 நிமிடம்; எதையும் 40 நிமிடத்துக்கு மாற்றிப் பாருங்கள். கமின்ஸ்கி முதல் பருவத்தில் 40 நிமிடத்துக்கு 9 புள்ளி வேகத்தில் ஆடினார், இரண்டாவதில் 16, மூன்றாவதில் 20. அதாவது கூட்டம் கவனித்தது மூன்றாம் ஆண்டில்தான் என்றாலும், பெரிய தாவல் அவர் பெஞ்சில் இருந்தபோதே நடந்துவிட்டது. உங்கள் ஆளின் 9 நிமிடம், 3 புள்ளி என்பது 40 நிமிடத்துக்கு 13. கேவலமில்லை. போன பருவம் அது என்னவாக இருந்தது என்று தேடிப் பாருங்கள். 8 ஆக இருந்து 13 ஆகியிருந்தால் ஆள் ஏறுகிறார். 13 ஆகவே நின்றால் கவலைப்பட வேண்டியதுதான்.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், பெஞ்சிலிருந்து வந்து பெயர் வாங்கிய சென்டர்களில் பலர் 'வளரவே' இல்லை, முதலிலேயே நன்றாகத்தான் ஆடினார்கள் என்பது தெரியும். யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) அணியின் டானவன் கிளிங்கன், 7 அடி 2 அங்குலம், 2022-23 பருவத்தில் அடாமா சனோகோவின் மாற்று. 13 நிமிடத்தில் 6.9 புள்ளி. அடுத்த பருவம் தொடக்க ஐவரில் இடம் பெற்று 13 புள்ளி எடுத்தபோது எல்லோரும் என்ன வளர்ச்சி என்று வியந்தார்கள். 40 நிமிடக் கணக்கில் 21 என்பது 23 ஆகியிருந்தது, அவ்வளவுதான். பர்டூவின் ஜாக் ஈடி இன்னும் நல்ல உதாரணம். டொராண்டோவில் ஐஸ் ஹாக்கியும் பேஸ்பாலும் ஆடி வளர்ந்து, கூடைப்பந்தைப் பதின்வயதின் நடுவில்தான் கையில் எடுத்தவர். 7 அடி 4 அங்குலம். முதல் பருவத்தில் டிரெவியன் வில்லியம்ஸுக்குப் பின்னால் நின்று 15 நிமிடத்துக்குள் 8.7 புள்ளி எடுத்தார். அந்த வேகமே 40 நிமிடத்துக்கு 23-க்கு மேல். அவர் உண்மையில் வளர்த்துக்கொண்டது மூச்சை. முதலில் 15 நிமிடம், பிறகு 19, பிறகு 30-க்கு மேல். 2023, 2024 இரண்டு ஆண்டும் நாட்டின் சிறந்த வீரர் விருது. 2024 இறுதி ஆட்டத்தில் தோற்ற அணியில் இருந்துகொண்டு 37 புள்ளி.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஈடி தினமும் பயிற்சியில் வில்லியம்ஸை எதிர்த்து ஆடினார், கிளிங்கன் சனோகோவை. ஆட்டத்தில் கிடைக்காத நிமிடங்களைப் பயிற்சிக்கூடத்தில் நாட்டின் நல்ல சென்டர் ஒருவரோடு முட்டி மோதிக் கழிப்பது ஒரு படிப்பு. உங்கள் அணியின் முதல் சென்டர் எப்படிப்பட்டவர் என்று நீங்கள் எழுதவில்லை. அவர் சுமாரானவராக இருந்தும் உங்கள் ஆள் அவரைத் தாண்ட முடியவில்லை என்றால், என் பதிலில் பாதி நம்பிக்கையைக் கழித்துவிடுங்கள்.

சென்டர்கள் ஏன் தாமதமாகப் பழுக்கிறார்கள் என்பதற்கு உடம்பு ஒரு காரணம். 17 வயதில் 7 அடியைத் தொட்டவனுக்குக் கால் எங்கே, கை எங்கே என்பது உடம்புக்கே பிடிபட நாளாகும். இடுப்பிலும் தொடையிலும் வலு ஏறாமல் வளையத்தின் அடியில் இடம் பிடித்து நிற்க முடியாது. கன்சாகாவின் கெல்லி ஓலினிக் பள்ளியில் கார்டாக ஆடியவர். பிறகு திடீரென்று உயர்ந்துவிட்டார். இரண்டு பருவம் ஆடி, இரண்டாவதில் 5.8 புள்ளி. மூன்றாம் ஆண்டில், 2011-12இல், ஆடவே இல்லை. ரெட்ஷர்ட் எடுத்தார், அதாவது ஒரு பருவம் முழுக்கப் பயிற்சி மட்டும், ஆட்டம் கிடையாது, அந்தப் பருவம் கணக்கிலும் சேராது. முன்வரிசையில் ராபர்ட் சாக்ரே இருந்ததால் வெளியில் உட்கார்ந்து பெரிதாக எதையும் இழக்கவும் இல்லை. அந்த ஓராண்டை எடை தூக்கும் அறையில் செலவழித்துவிட்டு வந்து 17.8 புள்ளி, 7.3 ரீபவுண்ட் (தவறிய வீச்சில் திரும்பி வரும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார். கன்சாகா அந்தப் பருவம்தான் முதல் முறையாக நாட்டின் முதல் இடத்தைப் பிடித்தது. இரண்டு ஆண்டு பெஞ்சில் இருந்த ஒருவர் ஓராண்டு ஆடாமலே இருக்கச் சம்மதிக்கிறார் என்றால் அந்தப் பையனின் பொறுமையைத்தான் முதலில் பாராட்ட வேண்டும். இன்றைக்கு எத்தனை பேர் சம்மதிப்பார்கள்?

உடம்பைவிட மெதுவாக வருவது தடுப்பாட்டம். பெரும்பாலான மாற்று சென்டர்களைப் பயிற்சியாளர் இறக்கத் தயங்குவது புள்ளி எடுக்க மாட்டார்கள் என்பதற்காக இல்லை, ஃபவுலுக்காக. எதிரணி சென்டர் வந்து ஸ்கிரீன் போடுகிறார், அதாவது நம் கார்டை மறித்து நிற்கிறார்; அவர்களின் கார்ட் அதைச் சுற்றி வேகமாக வருகிறார். அந்த நொடியில் நம் ஆள் இரண்டு பேரையும் கவனிக்க வேண்டும். பந்து வைத்திருப்பவரை வளையத்துக்குப் போக விடக்கூடாது. தன் ஆளைப் பின்னால் நழுவவும் விடக்கூடாது. அனுபவம் இல்லாதவர் அரை நொடி தாமதமாக முடிவெடுப்பார், கால் போகாத இடத்துக்குக் கையை நீட்டுவார், விசில் ஊதும். கல்லூரியில் ஐந்து ஃபவுலில் வெளியேற வேண்டும். ஒன்பது நிமிடத்தில் இரண்டு ஃபவுல் வாங்குபவரை யாரும் இருபது நிமிடம் ஆட விட மாட்டார்கள். உங்கள் ஆளின் ஃபவுல் கணக்கைப் பாருங்கள். கையை நேரே மேலே தூக்கி நிற்கப் பழகிவிட்டாரா என்றும் பாருங்கள். என்னைக் கேட்டால் அந்த ஒரு பழக்கத்துக்கு ஐந்து புள்ளியைவிட மதிப்பு அதிகம்.

எல்லா வளர்ச்சியும் கமின்ஸ்கி மாதிரி இருக்க வேண்டும் என்பதில்லை. டியூக்கின் பிரையன் ஜூபெக், 7 அடி 1 அங்குலம், காலில் எலும்பு முறிந்து அவதிப்பட்டவர், மூன்று பருவத்துக்கு மேல் ரசிகர்களின் கேலிக்கு ஆளானவர். நான்காம் பருவத்தின் பிப்ரவரியில் மேரிலாந்துக்கு எதிராகத் தொடக்க ஐவரில் இறங்கி 16 புள்ளி, 17 ரீபவுண்ட் எடுத்தார். பருவ முடிவில் அவர் சராசரி வெறும் 5.6 புள்ளிதான். ஆனால் தவறிய வீச்சுகளை எல்லாம் பிடித்து வெளியே நிற்கும் கார்டுகளுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தார். அந்த அணி 2010 பட்டத்தை வென்றது. பட்லருக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் 3.6 நொடி மிச்சம், ஒரு புள்ளி முன்னிலை, ஃப்ரீ த்ரோ கோட்டில் ஜூபெக். முதலாவதைப் போட்டார். இரண்டாவதை, பயிற்சியாளர் சொன்னபடி, வேண்டுமென்றே தவறவிட்டார். 61-59. (பிற்பாடு நியூஜெர்சியில் க்ரீம் பஃப் கடை வைத்தார். சாப்பிட்டுப் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை.)

இனி நீங்கள் கேட்காத ஒரு விஷயம். 'வளருவாரா' என்பது ஒரு கேள்வி. 'உங்கள் அணியிலேயே வளருவாரா' என்பது வேறு கேள்வி. 2021 முதல் வீரர்கள் ஒரு பருவம் வெளியில் உட்காராமலே வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். 2024 முதல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். கூடவே வீரர்களுக்குப் பணமும் வந்துவிட்டது. வால்கர் கெஸ்லர் நார்த் கரோலினாவில் ஒரு பருவம், ஆட்டத்துக்கு 9 நிமிடம்கூட இல்லை, 3.2 புள்ளி. உங்கள் ஆளுக்கு இரட்டைப் பிறவி மாதிரி. ஆனால் அவர் காத்திருக்கவில்லை. ஆபர்னுக்கு மாறினார், அடுத்த பருவமே ஆட்டத்துக்கு 4.6 பிளாக் (எதிராளியின் வீச்சைத் தட்டிவிடுவது), நாட்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது, 2022 டிராஃப்டின் முதல் சுற்றில் இடம். அவருடைய திறமை மாறியிருக்காது; நம்பி 25 நிமிடம் கொடுத்தவர்கள் கிடைத்தார்கள். பயிற்சியாளர்கள் பக்கமும் இதே அவசரம்தான். தங்கள் பையன் பழுக்கும்வரை காத்திருப்பதைவிட வேறு இடத்தில் பழுத்த 22 வயதுக்காரரைக் கூட்டி வருவது சுலபம் என்று நினைக்கிறார்கள். கமின்ஸ்கியின் மூன்றாம் ஆண்டு இன்று நடந்தால், பெர்க்ரென் போன இடத்துக்கு வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்திருப்பார்களோ என்று நான் யோசிப்பதுண்டு.

அதனால் உங்கள் பல்கலைக்கழகம் இந்தக் கோடையில் இன்னொரு சென்டரைச் சேர்க்கிறதா என்பதைக் கவனியுங்கள். பயிற்சியாளர் பேட்டியில் என்ன புகழ்ந்தாலும் அவருடைய உண்மையான கருத்து அதில்தான் இருக்கும். கூடவே சென்டர்களுக்குப் பயிற்சி தரும் துணைப் பயிற்சியாளர் யார், அவர் கையில் இதற்கு முன் யாராவது தேறியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். கான்சாஸில் கோல் ஆல்ட்ரிச் முதல் பருவத்தில் 2.8 புள்ளி எடுத்த மாற்று சென்டர், அடுத்த பருவம் 14.9. ஜெஃப் விதி அங்கே மோரிஸ் இரட்டையர்களுக்குப் பின்னால் ஆட்டத்துக்கு 6 நிமிடம் ஆடியவர். அடுத்த பருவத்தின் தேசியப் போட்டியில் 31 பிளாக். இருவருக்கும் பாடம் எடுத்தவர் டேனி மேனிங், 1988இல் அதே கல்லூரிக்குப் பட்டம் வென்று கொடுத்தவர். ஒரே அணியில் இப்படி அடுத்தடுத்து நடந்தால் அதைத் தற்செயல் என்று நான் ஒதுக்க மாட்டேன்.

விடுதி நண்பர்களோடு பந்தயம் கட்டியே தீர வேண்டும் என்றால் நவம்பரில் முதல் நான்கைந்து ஆட்டம் முடியட்டும். ஃபவுல் வேகம் குறைந்து, நிமிடம் பதினைந்தைத் தொட்டால் தைரியமாகக் கட்டுங்கள். பலவீனமான அணிகளுக்கு எதிராக எடுக்கும் 12 புள்ளியை மட்டும் நம்ப வேண்டாம்.