பால் பஃபேயில் மீன் எப்படி வந்தது?

வணக்கம் சார்,

நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகளின் வகுப்புத் தோழி யூதக் குடும்பத்துப் பெண். அவளுடைய பிறந்தநாளுக்காக வரும் ஞாயிற்றுக்கிழமை எங்களை, யூத உணவு விதிப்படி நடக்கும் ஒரு கோஷர் பால் உணவகத்தின் பஃபேக்கு அழைத்திருக்கிறார்கள். நாங்கள் சைவம், முட்டையும் சாப்பிடுவதில்லை. "அங்கே இறைச்சியே கிடையாது, உங்களுக்குக் கவலையே வேண்டாம்" என்றார் அந்தப் பெண்ணின் அம்மா. ஆனால் மெனுவைப் பார்த்தால் சால்மன், டூனா என்று இருக்கிறது. ஒன்றும் புரியவில்லை. ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார், அவரையும் அழைத்துப் போகலாமா? குழந்தைகளுக்காக வீட்டில் கேசரி கிண்டி எடுத்துப்போகலாம் என்றும் நினைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தாராளமாகப் போங்கள், அம்மாவையும் அழைத்துக்கொண்டு. கேசரி மட்டும் வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

தோழியின் அம்மா பொய் சொல்லவில்லை. கோஷர் கணக்கில் இறைச்சி என்றால் ஆடு, மாடு, கோழி வகையறாதான். மீனும் முட்டையும் அதில் வராது. காய்கறி, தானியம், பழம் எல்லாவற்றோடும் சேர்த்து அவற்றைப் 'பாரவே' என்கிறார்கள். பாலிலும் சேராது, இறைச்சியிலும் சேராது. "குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே" என்ற கட்டளை பைபிளில் மூன்று இடங்களில் வருகிறது: யாத்திராகமத்தில் இரண்டு முறை, உபாகமத்தில் ஒரு முறை. அதை வைத்துத்தான் யூத குருமார்கள் பாலையும் இறைச்சியையும் முழுக்கப் பிரித்தார்கள். தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, வசதி இருந்தால் தனித் தொட்டி. இறைச்சி சாப்பிட்டால் ஆறு மணி நேரம் கழித்துத்தான் பால் தொடுவது பலருடைய வழக்கம். ஜெர்மனி வழி வந்தவர்களுக்கு மூன்று மணி நேரம், ஹாலந்து வழி வந்தவர்களுக்கு ஒரு மணி நேரம் போதும். ஆகவே பால் உணவகம் என்பது கொல்லாமை பார்க்கிற இடம் இல்லை, கலக்காமை பார்க்கிற இடம். உங்கள் அம்மாவிடம், சோறு தொட்ட கையால் மற்றதைத் தொடாமல் 'பத்து' பார்க்கிற மாதிரி என்று சொல்லுங்கள், நான் ஒரு பக்கம் எழுதுவதை அவர் ஒரு நொடியில் புரிந்துகொள்வார்.

மீனிலும் எல்லாம் வராது. துடுப்பும் செதிலும் உள்ளவை மட்டும்தான். இறால், நண்டு, கணவாய், சுறா, கெளுத்தி எதுவும் அந்தக் கதவைத் தாண்டாது. புகையூட்டிய சால்மனும் டூனா சாலடும் பெரும்பாலும் தனித் தட்டுகளில் பெயர் போட்டு வைக்கப்பட்டிருக்கும், தாண்டிப் போய்விடலாம். கண்ணுக்குத் தெரியாத மீன்தான் சிக்கல். சீசர் சாலடின் சாஸில் நெத்திலி போன்ற சின்ன மீன் அரைத்துச் சேர்ப்பது வழக்கம். அப்புறம் ஜெலட்டின். கோஷர் இனிப்புகளில் மீனிலிருந்து எடுத்த ஜெலட்டின் சகஜம். அசையும் இனிப்பு எதையும், முக்கியமாக மார்ஷ்மெல்லோவை, கேட்காமல் குழந்தைகள் தட்டில் வைக்காதீர்கள். பாலாடைக்கட்டி எல்லாவற்றிலும் இருக்கும். அதை உறைய வைக்கும் நொதி இன்று பெரும்பாலும் நுண்ணுயிரியிலிருந்து வருவதுதான், ஆனாலும் அதையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு உண்மையான தலைவலி முட்டை. பிளின்ட்ஸ் என்கிற பாலாடை வைத்துச் சுருட்டிய தோசை மாதிரியான பண்டம், நூடுல்ஸ் வைத்துச் சுட்ட கூகல், சீஸ்கேக், ஷக்ஷூகா எல்லாவற்றிலும் முட்டை உண்டு. (ஒவ்வொரு முட்டையையும் தனியாக உடைத்து, ரத்தப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துத்தான் சேர்ப்பார்கள். உங்களுக்கு அதில் ஆறுதல் இல்லை, தெரியும்.) பீட்சா, உருளை வறுவல், காய்கறி சாலட், ஹம்மஸ் இவற்றில் வயிறு நிறைந்துவிடும். பாஸ்தாவுக்கு முட்டை சேர்த்த மாவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சூப் நிம்மதியான விஷயம். வெளியே மற்ற உணவகங்களில் 'வெஜிடபிள் சூப்' என்று எழுதிவிட்டுக் கோழி வேகவைத்த தண்ணீரில் செய்வார்களே, அது இங்கே நடக்கவே நடக்காது. கீரை, ப்ரோக்கோலி போன்றவற்றில் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பதும் சட்டத்தில் சேர்த்திதான். 'எங்களிடம் வெஜ்ஜும் உண்டு' என்று சொல்லும் ஸ்டேக் கடையைவிட இந்த இடத்துக்குத்தான் நான் குடும்பத்தோடு போவேன். ருசியில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் சூட்டிலேயே கிடந்த சீஸ் பாஸ்தா எந்த மதத்திலும் மன்னிக்கத்தக்கதல்ல. சூடாகப் புதுத் தட்டு வரும்போது போய் எடுங்கள்.

இனி கேசரி. சமையலறையைக் கண்காணிக்க 'மஷ்கியாக்' என்று ஒருவர் இருப்பார். உங்கள் வீட்டில் இறைச்சியே சமைத்ததில்லை என்றாலும் உங்கள் பாத்திரமும் அடுப்பும் அவர் கணக்கில் வராதவை. வெளியிலிருந்து வரும் சாப்பாட்டை உணவகம் உள்ளே விடாது, விட்டால் அதன் சான்றிதழுக்கே ஆபத்து. தோழியின் குடும்பமும் சங்கடப்படும். புத்தகமோ பொம்மையோ வாங்கிக்கொடுங்கள். தின்பண்டம்தான் கொடுக்க வேண்டும் என்றால், வட்டத்துக்குள் 'யு' எழுத்து போன்ற கோஷர் முத்திரை உள்ள, பிரிக்காத பாக்கெட்டாக வாங்கி வெளியே வந்தபின் கொடுங்கள்.

பதில் விருந்து கொடுக்க ஆசைப்படுவீர்கள். சைவ உணவகம் என்பதால் மட்டும் அது கோஷர் ஆகிவிடாது. ஆனால் நமக்கு ஒரு நல்ல முன்னோடி உண்டு. மன்ஹாட்டனில் லெக்சிங்டன் அவென்யூவின் 'கறி ஹில்' பகுதியில் பொங்கல், மெட்ராஸ் மஹால் போன்ற தென்னிந்திய சைவ உணவகங்கள் கோஷர் சான்றிதழோடு நடந்தன. தலையில் கிப்பா என்கிற சின்ன யூதத் தொப்பி வைத்தவர்கள் மசால் தோசையைப் பிய்த்துக்கொண்டிருப்பது அங்கே சாதாரணக் காட்சியாக இருந்தது. சமைப்பவர் யூதர் இல்லையென்றால் அடுப்பையாவது ஒரு யூதர் பற்றவைக்க வேண்டும் என்பது விதி. நம் சமையல்காரர் மாவை ஊற்றுவார், நெருப்பு மட்டும் அவர்களுடையது. அப்படி ஓர் இடம் இப்போது எங்கே இருக்கிறது என்று தோழியின் குடும்பத்திடமே கேளுங்கள். எந்தச் சான்றிதழை ஏற்பது என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

ஞாயிறு மதியம் கூட்டமாக இருக்கும், சீக்கிரம் போங்கள். வெள்ளி மாலையிலிருந்து சனி இரவு வரை மூடியிருப்பார்கள் என்பதால் குடும்பங்களுக்கு வாய்த்த நாள் ஞாயிறுதான். நான்கைந்து பிள்ளைகளோடு வருகிற வீடுகள் நிறைய, ஆகவே உங்கள் மகள் ஓடினாலும் கத்தினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கோடையில் வரும் 'ஒன்பது நாள்' துக்க காலத்தில் பலர் இறைச்சி தொடமாட்டார்கள். அப்போது இந்த உணவகங்களில் உட்கார இடம் கிடைப்பதே கஷ்டம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ரொட்டி சாப்பிடுகிறவர்கள் இரண்டு கைப்பிடி வைத்த குவளையால் கை கழுவிவிட்டு, ஆசீர்வாதம் சொல்லி முதல் வாய் ரொட்டி தின்னும் வரை பேசமாட்டார்கள். அந்த நேரம் பார்த்து நீங்கள் ஏதாவது கேட்க, அவர் வெறும் தலையை ஆட்டினால் கோபம் என்று நினைக்காதீர்கள். சாப்பிட்டு முடித்ததும் நீண்ட நன்றி ஜெபம் உண்டு. குழந்தைகள் சேர்ந்து பாடுவார்கள், பாதியில் எழுந்துவிடாமல் இருங்கள்.

அம்மாவுக்குத் தயிர் கிடைத்துவிடும், சோறு கிடைப்பது சந்தேகம். ஊறுகாய் பாட்டிலை அவர் கைப்பையில் வைத்திருந்தால் காரிலேயே விட்டுவரச் சொல்லுங்கள்.