முன்வரிசையில் ஒன்பது பேரா, பத்துப் பேரா? கடைசிக் கால்மணி நேரத்திலிருந்து எண்ணுங்கள்

கேள்வி: நண்பர்கள் சிலர் சேர்ந்து, அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் விதிகளையும் சம்பள உச்சவரம்பையும் அப்படியே பின்பற்றும் ஒரு கற்பனை லீக்கைக் கணினியில் நடத்துகிறோம். 53 பேர் அணியை இறுதி செய்ய வேண்டிய நேரம் இது. தற்காப்பு முன்வரிசையில் களத்தில் நிற்பது நான்கு பேர்தான். அதற்கு ஒன்பது, பத்துப் பேரை வைத்திருப்பது வீண் என்கிறார்கள் நண்பர்கள். சிறந்த நால்வரையே ஆட்டம் முழுவதும் ஆடவிட்டால் என்ன? எத்தனை பேரை, எந்த வகையில் வைத்துக்கொள்வது, எப்படி மாற்றி இறக்குவது?

பதில்: ஒன்பது பேரை வைத்துக்கொள்ளுங்கள், ஆட்ட நாளில் எட்டுப் பேரை இறக்குங்கள். ஆனால் இந்த எண்ணைவிட, அதை எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதுதான் முக்கியம். பெரும்பாலோர் முதல் ஸ்னாப்பில் (பந்து பின்னால் தரப்பட்டுத் தொடங்கும் ஒவ்வொரு ஆட்டத் துண்டும் ஒரு ஸ்னாப்) யார் நிற்பார் என்று யோசிக்கிறார்கள். நான் நான்காவது கால்பகுதியின் கடைசி ஐந்து நிமிடங்களிலிருந்து தொடங்குவேன். எதிரணி சில புள்ளிகள் பின்தங்கி, ஒவ்வொரு முறையும் பந்தை வீசியே ஆக வேண்டிய நிலையில் இருக்கும் அந்த நேரத்தில், என்னுடைய சிறந்த நால்வரும் கால் தளராமல் நிற்க வேண்டும். அதற்கு முன்பு செய்யும் மாற்றங்கள் எல்லாம் அந்த ஐந்து நிமிடங்களுக்கான சேமிப்பு.

ஒரு ஸ்னாப் ஐந்தாறு வினாடிகளில் முடிந்துவிடுகிறது, அதில் என்ன களைப்பு என்று தோன்றலாம். எதிரணியில் பந்தைப் பின்னால் தரும் சென்டருக்கு எதிரே குனிந்து நிற்கும் நோஸ் டேக்கிளை மட்டும், பன்னிரண்டு ஸ்னாப்கள் நீளும் ஒரு தாக்குதலில் தொடர்ந்து கவனித்துப் பாருங்கள். முதல் சில ஸ்னாப்களில் அவருடைய இடுப்பு தாழ்ந்திருக்கும், முதுகு தரைக்கு இணையாக இருக்கும், பந்து அசைந்த கணமே இரு கைகளும் எதிராளியின் மார்பில் பதியும். தலா 140 கிலோ எடையுள்ள இருவர் சேர்ந்து தள்ளினாலும் இடத்தை விட்டுக்கொடுக்க மாட்டார். ஒன்பதாவது ஸ்னாப்புக்கு வரும்போது, ஆட்டம் நின்றதும் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்குவார். குனிந்தாலும் தோள் முன்பிருந்த அளவுக்குத் தாழாது. கைகள் ஒரு கணம் பிந்தி வரும். தாழ்ந்து நிற்பவரின் கையே ஓங்கும் விளையாட்டு இது. ஆகவே அந்தச் சில அங்குல உயரமே ஓடுபவருக்கு வழி திறந்துவிடப் போதும்.

இதற்கு விதிவிலக்கு உண்டு. ரெய்டர்ஸ் அணியின் மேக்ஸ் கிராஸ்பி ஒரு பருவத்தின் தற்காப்பு ஸ்னாப்களில் 90 சதவீதத்துக்கும் மேல் ஆடிக் காட்டியவர். ஆனால் அப்படி ஒருவர் கிடைத்தார் என்பதற்காக அதையே முறையாக்கிக்கொள்வது, ஊரில் ஒருவர் நூறு வயது வாழ்ந்ததைப் பார்த்து மருத்துவரைப் பார்க்காமல் இருப்பதற்குச் சமம். சுழற்சி பலன் தருமா என்பதை முடிவுசெய்யும் கேள்வி ஒன்றுதான்: களைத்த முதல்நிலை வீரரைவிடக் களைக்காத மாற்று வீரர் மேலா? உங்கள் ஏழாவது ஆளை நினைத்து இதற்கு ‘ஆம்’ என்று சொல்ல முடியாவிட்டால், உங்களிடம் இருப்பது வெறும் தலைக்கணக்கு.

ஆளை எண்ணாமல் வேலையை எண்ண வேண்டும் என்பதற்கு 2022-இன் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. அந்த அணி அந்தப் பருவத்தில், பந்தை வீசும் எதிரணிக் குவார்ட்டர்பேக்கை அவர் வீசுமுன்பே 70 முறை வீழ்த்தியது. இப்படி வீழ்த்துவதற்குப் பெயர் சாக். 1984-இல் சிகாகோ பேர்ஸ் எடுத்த 72 சாக்குகளே இன்றும் ஒரு பருவத்தின் சாதனை. ஹாசன் ரெடிக் 16, ஜேவன் ஹார்கிரேவ், ஜோஷ் ஸ்வெட், பிராண்டன் கிரஹாம் தலா 11 என்று நான்கு பேர் பத்தைத் தாண்டினார்கள். எண்ணிக்கையிலும் தரத்திலும் குறையே சொல்ல முடியாத வரிசை. ஆனால் நடுவில் இடம்பிடித்து ஓட்டத்தைத் தடுக்கும் 155 கிலோ புதுமுகம் ஜோர்டன் டேவிஸ் அக்டோபர் இறுதியில் கணுக்காலில் காயப்பட்டதும், அந்த ஒரு வேலையைச் செய்ய இரண்டாவது ஆள் இல்லை என்பது வெளிப்பட்டது. நவம்பர் 14 அன்று வாஷிங்டன் அணி திரும்பத் திரும்பப் பந்தோடு ஓடி, 60 நிமிட ஆட்டத்தில் 40 நிமிடங்களுக்கு மேல் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அதுவரை எட்டு ஆட்டங்களிலும் தோற்காதிருந்த ஈகிள்ஸை 32-21 என்று வீழ்த்தியது. அதே வாரத்தில், எந்த அணியிலும் இல்லாமல் வீட்டில் இருந்த லின்வல் ஜோசப், டமுக்கன் சூ என்ற 34, 35 வயது மூத்தவர்கள் இருவரை ஈகிள்ஸ் ஒப்பந்தம் செய்தது. நிறைய ஆட அல்ல. ஓட்டத்தை எதிர்பார்க்கும் ஸ்னாப்களில் சிலவற்றைத் தாங்கிக்கொள்ள.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கனமான ஆள் வந்தால் ஓட்டத்தைத் தடுக்க, மெலிந்த ஆள் வந்தால் வீச்சைத் துரத்த என்று வேலைகளை முழுமையாகப் பிரித்துவிட்டால், எதிரணிக் குவார்ட்டர்பேக் ஆளைப் பார்த்தே ஆட்டத்தை மாற்றிக்கொள்வார். ஆகவே இரண்டாம் நிலைக் குழுவில் குறைந்தது இருவராவது இரண்டு வேலைகளையும் சுமாராகவேனும் செய்பவர்களாக இருக்க வேண்டும். ஒரே வேலையில் மிகச் சிறந்தவரையும் இரண்டு வேலைகளில் நடுத்தரமானவரையும் ஒப்பிட்டு ஆறாவது, ஏழாவது ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது, நான் பெரும்பாலும் இரண்டாமவரையே எடுப்பேன்.

ஸ்னாப்களைப் பங்கிடும் கணக்கைப் பார்ப்போம். ஓர் ஆட்டத்தில் தற்காப்பு அணி சுமார் 65 ஸ்னாப்கள் ஆடுகிறது என்று கொண்டால், நான்கு இடங்களுக்கும் சேர்த்து 260. ஓரத்தில் நிற்கும் எட்ஜ் வீரர்களில் முதல் இருவருக்குத் தலா 46, மூன்றாமவருக்கு 34, நான்காமவருக்கு 20. நடுவில் நிற்கும் டேக்கிள்களில் சிறந்தவருக்கு 42, நோஸ் டேக்கிளுக்கு 28, மற்ற இருவருக்கும் தலா 22. எட்ஜ் வீரர்களின் கூட்டுத்தொகை இரண்டு இடங்களுக்கு உரிய 130-ஐத் தாண்டி 146-ஆக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மூன்றாவது டவுனில், அதாவது எதிரணியின் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில், வீச்சு நிச்சயம் என்னும்போது ஓர் எட்ஜ் வீரரை உள்ளே நகர்த்தி, சென்டருக்குப் பக்கத்தில் நிற்கும் மெதுவான கார்டுக்கு எதிரே நிறுத்துவதால் வரும் 16 அது. முதல் இருவருக்கான ஓய்வைப் பெரும்பாலும் இரண்டாவது கால்பகுதியிலும் மூன்றாவதின் தொடக்கத்திலும் கொடுங்கள். மாற்று வீரர்களை முதல் கால்பகுதியிலேயே ஒரு தாக்குதலுக்காவது இறக்கிவிடுங்கள். மூன்று மணி நேரம் பெஞ்சில் குளிர்ந்தவரைக் கடைசியில் திடீரென்று இறக்கினால் பலன் இருக்காது.

இந்த அட்டவணையைக் கலைக்கும் வழி எதிரணிக்குத் தெரியும். தாக்கும் அணி ஆளை மாற்றினால், தற்காப்பு அணியும் மாற்றிக்கொள்ள நடுவர் நேரம் தர வேண்டும். அவர்கள் மாற்றாவிட்டால் அந்தக் கடமை இல்லை. ஆகவே அவர்கள் கூடிப் பேசாமலேயே அடுத்தடுத்து ஆடத் தொடங்கினால், களைத்த நால்வரும் களத்திலேயே மாட்டிக்கொள்வார்கள். அவசரப்பட்டு மாற்றினால் பன்னிரண்டாவது ஆள் வெளியேறுமுன் அடுத்த ஸ்னாப் தொடங்கி ஐந்து கெஜம் அபராதம் விழும். இந்தத் தந்திரத்தில் குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் பல ஆண்டுகளாகப் பேர்போனவர். எனவே களைத்த பின் மாற்றுவது என்பது தாமதமான முடிவு. வீரர் தலைக்கவசத்தைத் தட்டிக் காட்டும்வரை காத்திராமல், பிடிபடாத வீச்சு, அபராதம், எல்லைக்கு வெளியே போன பந்து என்று ஆட்டம் நிற்கும் ஒவ்வொரு இடைவெளியிலும் ஒருவர் இருவராக மாற்றிக்கொண்டே வருவது பாதுகாப்பானது. நால்வரையும் ஒட்டுமொத்தமாக மாற்றும் முறை எனக்கு உவப்பானதல்ல. இரண்டாம் குழு முழுவதும் ஒரே நேரத்தில் நிற்கும் ஸ்னாப்புக்காகவே நல்ல பயிற்சியாளர்கள் காத்திருப்பார்கள்.

சேமித்தது எப்படிச் செலவாகிறது என்பதற்கு 2018 பிப்ரவரி 4 அன்று நடந்த லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் ஒரு காட்சி. நியூ இங்கிலாந்தின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி அன்று 505 கெஜம் வீசினார். ஈகிள்ஸ் முன்வரிசையால் அவரை அதுவரை ஒருமுறைகூட வீழ்த்த முடியவில்லை. பருவம் முழுவதும் ஆளை மாற்றி மாற்றி ஆடிய வரிசை அது. 38-33 என்று முன்னிலையில் இருந்தபோது, ஆட்டம் முடிய இரண்டு நிமிடங்களுக்குச் சற்று மேல் இருக்கையில், எட்ஜ் வீரரான பிராண்டன் கிரஹாம் உள்ளே கார்டுக்கு எதிரே நின்று, அந்தக் கார்டைத் தாண்டிக் கைநீட்டிப் பிரேடியின் கையிலிருந்த பந்தைத் தட்டிவிட்டார். தரையில் விழுந்த பந்தைப் பிடித்தவர் டெரிக் பார்னெட், மாற்று வீரராக ஆடிவந்த புதுமுகம். ஆட்டம் முழுவதிலும் விழுந்த ஒரே சாக் அதுதான்.

காயத்தைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அதற்கு முழுமையான காப்பு கிடையாது. 2024-இல் டெட்ராய்ட் லயன்ஸின் எட்ஜ் வீரர் ஏய்டன் ஹட்சின்சன் ஐந்தே ஆட்டங்களில் 7.5 சாக் எடுத்திருந்த நிலையில் காலை முறித்துக்கொண்டார். அணி நவம்பரில் இன்னோர் எட்ஜ் வீரரான ஸதாரியஸ் ஸ்மித்தை வர்த்தகத்தில் வாங்கியது, 15-2 என்று பருவத்தை முடித்தது. ஆனால் டிசம்பரில் நடுவில் நிற்கும் அலிம் மெக்நீலும் முழங்காலில் காயப்பட, பிளேஆஃபில் வாஷிங்டனிடம் 45 புள்ளிகளை விட்டுக்கொடுத்து வெளியேறியது. முதல் இழப்பைத் தாங்கும்படி அணியைக் கட்டலாம். அதே வரிசையில் அடுத்தடுத்து விழும் அடிகளுக்கு எந்த அணியும் தயாராக இருப்பதில்லை.

பணம் உங்கள் லீக்கில் பெரிய தலைவலியாக இருக்கும். 2025-இல் ஓர் அணியின் சம்பள உச்சவரம்பு 27 கோடியே 92 லட்சம் டாலர். அதே ஆண்டு எட்ஜ் வீரர் மைல்ஸ் கேரட்டின் புதிய ஒப்பந்தம் சராசரியாக ஆண்டுக்கு 4 கோடி டாலர். ஒருவருக்கு அவ்வளவு கொடுத்த பின் எட்டுப் பேரைச் சந்தையில் வாங்க முடியாது. கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எடுத்துத்தான் வளர்க்க வேண்டும், அதுவும் தேவை வருவதற்கு முன்பே. ஈகிள்ஸ் 2018-இல் நான்காவது சுற்றில் ஸ்வெட்டையும், 2021-இல் மூன்றாவது சுற்றில் மில்டன் வில்லியம்ஸையும், 2022, 2023 முதல் சுற்றுகளில் டேவிஸ், ஜேலன் கார்ட்டர், நோலன் ஸ்மித் ஆகியோரையும் எடுத்தது. 2025 பிப்ரவரி சூப்பர் பௌலில் குவார்ட்டர்பேக்கைத் துரத்தக் கூடுதல் ஆளை ஒருமுறைகூட அனுப்பாமல் எதிரணியின் பேட்ரிக் மஹோம்ஸை ஆறு முறை வீழ்த்தியபோது, ஸ்வெட் 2.5, வில்லியம்ஸ் 2. அடுத்த மாதமே வில்லியம்ஸ் நான்கு ஆண்டுகளுக்கு 10 கோடியே 40 லட்சம் டாலருக்கு வேறு அணிக்குப் போனார், ஸ்வெட்டும் போனார். ஈகிள்ஸ் தடுக்கவில்லை, அடுத்தவர்கள் ஏற்கெனவே வரிசையில் இருந்தார்கள்.

கடைசியாக, உங்கள் நண்பர்கள் கேட்கும் பத்தாவது ஆள். அவர்கள் சொல்வதில் இந்த இடத்தில் மட்டும் நியாயம் இருக்கிறது. ஆட்ட நாளில் 48 பேர்தான் ஆடத் தகுதி பெறுகிறார்கள், அதுவும் தாக்குதல் முன்வரிசையில் எட்டுப் பேர் இருந்தால். முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் தற்காப்பு வீரர்களில் கடைசி லைன்பேக்கரோ சேஃப்டியோ உதைக்கப்பட்ட பந்தைத் துரத்தி ஓடித் தன் இடத்தை நியாயப்படுத்துவார். 135 கிலோ டேக்கிள் அந்த வேலைக்கு ஆகமாட்டார். ஆகவே பத்தாமவரை, 53 பேருக்கு வெளியே இருக்கும் பயிற்சிக் குழுவின் 16 பேரில் ஒருவராக வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஓர் ஆட்டத்துக்கு இருவரை மேலே கொண்டுவரலாம், ஒரே வீரரைப் பருவத்தில் மூன்று முறை. உங்கள் பட்டியலில் நோஸ் டேக்கிள் ஒருவர்தான் இருக்கிறார் என்றால், அந்தப் பத்தாமவர் நோஸ் டேக்கிளாகவே இருக்கட்டும்.