அவர் ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

அன்புள்ள ஐயா,

எனக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம். 2018 கஜா புயலில் எங்கள் தென்னந்தோப்பு முழுக்கச் சாய்ந்தது. அதோடு அப்பாவும் ஒடுங்கிவிட்டார். சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்து நிலத்தை நான்தான் பார்க்கிறேன். போன வருடம் அப்பா காலமானார். விற்றுவிட்டுத் திருச்சிக்குப் போய்விடலாம் என்கிறாள் மனைவி. அந்தப் பேச்சை எடுத்தாலே அம்மா அழுகிறார். எனக்கு ராத்தூக்கம் இல்லை. பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். நண்பன் சொல்லித் தஞ்சாவூரில் ஒரு கவுன்சலரைப் பார்த்தேன். நபர்மைய முறை என்றார். "நிலத்தை விற்கலாமா, வேண்டாமா?" என்று நேராகவே கேட்டேன். "விற்பதை நினைத்தால் உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று என்னையே கேட்கிறார். 50 நிமிடமும் நான்தான் பேசினேன். 800 ரூபாய் கொடுத்து, இரண்டு பஸ் மாறிப் போய், நான் சொன்னதையே திரும்பக் கேட்டுவிட்டு வந்தேன். மறுபடி போக வேண்டுமா?

க.

அன்புள்ள க,

போங்கள். போனதும் முதல் வேலையாக, எனக்கு எழுதிய இந்தக் கோபத்தை அவரிடமே சொல்லுங்கள். "போன தடவை காசு வீண் என்று நினைத்தேன்" என்று அப்படியே. மரியாதைக் குறைவாகப் போய்விடுமோ என்று தயங்க வேண்டாம். அதைக் கேட்டு அவர் முகம் சுருங்குகிறதா, தன் பக்க நியாயம் பேசுகிறாரா, இல்லை அதையும் காதுகொடுத்துக் கேட்கிறாரா என்று பாருங்கள். ஆள் எப்படி என்று பாதி தெரிந்துவிடும்.

நம் பக்கத்தில் யோசனைக்குப் பஞ்சம் இல்லை. அப்பாவின் காரியத்துக்கு வந்தவர்களிலேயே நாலு பேராவது நிலத்தை என்ன செய்வது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். டீக்கடையில் சொல்லியிருப்பார்கள். வைத்தீஸ்வரன்கோயிலில் வலது கட்டைவிரல் ரேகையைக் கொடுத்தால் ஓலையைப் பார்த்துச் சொல்கிறார்கள். (அங்கேயும் பாதி நேரம் 'ஆமாம், இல்லை' என்று நாம்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதற்காக யாரும் சண்டை போடுவதில்லை.) இத்தனை பேர் சொல்லியும் வராத தூக்கம் இன்னும் ஒருவர் சொல்லி வந்துவிடுமா என்பதுதான் உங்கள் கவுன்சலர் போடும் கணக்கு.

அந்தக் கணக்கை முதலில் போட்டவர், நபர்மைய முறையை உருவாக்கிய உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். 1902இல் அமெரிக்காவில் பிறந்தவர். சிறுவயதில் பண்ணையில் வளர்ந்து, கல்லூரியில் முதலில் விவசாயம் படிக்கச் சேர்ந்தவர் என்பது உங்களுக்குப் பிடிக்கலாம். பிறகு ராச்செஸ்டர் நகரத்தில் குழந்தைகளுக்கான மையம் ஒன்றில் பல வருடம் வேலை பார்த்தார். அங்கே நடந்த ஒன்றைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். அடங்காத பையன் ஒருவனின் அம்மா அவரைப் பார்க்க வந்துகொண்டிருந்தார். சின்ன வயதிலேயே அவனை அந்த அம்மா ஒதுக்கியதுதான் பிரச்சினை என்பது ரோஜர்ஸின் முடிவு. ஒவ்வொரு சந்திப்பிலும் பக்குவமாக எடுத்துச் சொல்லிப் பார்க்கிறார், ஏறவில்லை. இதோடு நிறுத்திக்கொள்வோம் என்று இருவரும் ஒத்துக்கொள்கிறார்கள். கதவு வரை போன அந்த அம்மா திரும்பி, "இங்கே பெரியவர்களுக்கும் கவுன்சலிங் உண்டா?" என்கிறார். உண்டு என்றதும் வந்து உட்கார்ந்து, கணவரோடு தான் படும் பாட்டைக் கொட்டத் தொடங்கினார். அதுவரை அவர் சொல்லி ரோஜர்ஸ் எழுதிவைத்திருந்த விவரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கடைசியில் பையனும் தேறினான். எங்கே வலிக்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதெல்லாம் வந்தவருக்குத்தான் தெரியும் என்ற எண்ணம் அவருக்கு இப்படித்தான் வலுத்தது.

உங்கள் கடிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வி நிலத்தைப் பற்றியது. அப்பா இறந்ததற்கு நாலு சொல். அதற்கு நான் அர்த்தம் கற்பிக்கப் போவதில்லை. ஆனால் அந்த நாற்காலியில் நாலைந்து வாரம் உட்கார்ந்தால் பேச்சு எந்தப் பக்கம் திரும்பும் என்று இப்போதே நிச்சயமாகச் சொல்லிவிட முடியாது, இல்லையா?

ஒருவர் மாறுவதற்கு என்னென்ன வேண்டும் என்று 1957இல் ரோஜர்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். அதில் கவுன்சலருக்கு உரியவை மூன்று. உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமல் இருப்பது. நீங்கள் நல்ல மகனா, நல்ல அப்பாவா என்று எடைபோடாமல் உங்களை மதிப்பது. உங்கள் இடத்தில் நின்று பார்ப்பது. இந்த மூன்றாவதுதான் வெளிப்பார்வைக்குச் 'சொன்னதையே திருப்பிச் சொல்வது' மாதிரி இருக்கிறது. புரிந்துகொண்டது சரிதானா என்று உங்களிடமே சரிபார்க்கும் வேலை அது. ஆகவே அடுத்த முறை அவர் அப்படி ஏதாவது சொன்னதும், பொருந்தவில்லை என்றால், "அப்படி இல்லை சார்" என்று சொல்லிப் பாருங்கள். வேலை தெரிந்தவர் என்றால் உடனே திருத்திக்கொண்டு, வேறு விதமாகக் கேட்பார். கிளிப்பிள்ளை என்றால் அடுத்த வாக்கியத்தையும் அதேபோல ஒப்பிப்பார். இந்த முறையைப் படித்தேன் என்று சொல்லிக்கொண்டு தலையாட்டியே காலம் தள்ளுபவர்களும் இருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் கவுன்சலர் என்று போர்டு மாட்டிவிட முடிகிறது இங்கே. என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான்.

பெரும்பாலும் வாரம் ஒரு முறை, ஒரு மணிக்குச் சற்றுக் குறைவான நேரம். வீட்டுப்பாடம் இருக்காது. உங்களுக்கு என்ன நோய் என்று பெயர் வைக்கமாட்டார். நடுவில் இருவருமே பேசாமல் இருக்கும் நிமிடங்கள் வரும். அதை நிரப்ப வேண்டும் என்று நீங்கள் பதற வேண்டியதில்லை. சில நாள் போனதைவிட பாரமாகத் திரும்பி வருவீர்கள். பேசியது வெளியே போகக்கூடாது. உயிருக்கு ஆபத்து என்ற நிலை போன்றவைதான் விதிவிலக்கு. இதை முதல் நாளே அவர் சொல்லியிருக்க வேண்டும். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்ததை மறுநாள் ஊரில் வந்து விசாரிக்கிற உறவுகள் நமக்கு உண்டு என்பதால் சொல்கிறேன்: ஒன்று விட்டு ஒரு வாரம் போனிலேயே பேசலாமா என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் தனி இடம் கிடைக்காவிட்டால் மோட்டார் கொட்டகை போதும்.

இந்த முறை எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் நம்பவில்லை. மனச்சிதைவு நோயாளிகளோடு விஸ்கான்சினில் ரோஜர்ஸ் குழு செய்த பெரிய ஆய்வே எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. உங்கள் தூக்கமின்மைக்குத் தனியாக ஒரு டாக்டரைப் பாருங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாத்திரையும் கவுன்சலிங்கும் சேர்ந்தே போகலாம். செத்துவிடலாம் என்ற நினைப்பு எட்டிப்பார்த்தால் அடுத்த வாரச் சந்திப்புக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், 14416க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலிமானஸ் என்ற மனநல உதவி எண் அது, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

ஐந்தாறு முறை போன பிறகும் அவரிடம் வாய் திறக்க மனம் வரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். பயிற்சி, அட்டவணை என்று கையில் வேலை கொடுத்து நடத்தும் முறைகளும் இருக்கின்றன, சிலருக்கு அதுதான் ஒத்துவரும். நிறுத்துவதாக இருந்தால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். கடைசியாக ஒரு முறை போய், ஏன் நிறுத்துகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். அந்த 800 ரூபாயை மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள்.