சண்டைக்காரருக்கு கணக்குல முதல் ரேங்க்!

கேள்வி: ரேங்கிள்னா வாய்ச்சண்டைன்னு டிக்‌ஷனரில இருக்கு, அப்புறம் எப்படி கணக்குல பெரிய ஆளுங்களை ரேங்லர்னு சொல்றாங்க?

பதில்: அர்த்தம் சரிதாங்க, விட்டுக்கொடுக்காம மல்லுக்கட்டுறதுதான் ரேங்கிள், ஜெர்மன் பக்கத்துல இருந்து இங்கிலீஷுக்குள்ள வந்த பழைய வார்த்தை. கேம்பிரிட்ஜ்ல அந்தக்காலத்துல பரீட்சைனா பேப்பர்ல எழுதுறது இல்ல, ஒருத்தர் ஒரு கருத்தைச் சொல்லி நிப்பாரு, எதிர்ல இருக்கவங்க அதை உடைக்கப் பாப்பாங்க, அதுவும் லத்தீன்ல! அதுல தாக்குப்பிடிச்சவர் ரேங்லர். பின்னாடி எழுத்துப் பரீட்சை வந்தும் பேரு மாறல, கணக்குல முதல் வகுப்பு வாங்கினா ரேங்லர், அதுல முதலிடம் சீனியர் ரேங்லர். நம்ம நாட்டு கணித அறிஞர் ஆர்.பி. பராஞ்சபே 1899-ல அந்த சீனியர் ரேங்லர் இடத்தை வாங்கினாரு, இந்தியர்கள்ல முதல் ஆள். ரேங்க் வரிசையை வெளியிடுறதை 1909-ஓட நிறுத்திட்டாங்க.

அமெரிக்காவுல ரேங்லர்னா குதிரை மேய்க்கிறவரு, அது மெக்சிகோ ஸ்பானிஷ் வார்த்தைல இருந்து வந்திருக்கலாம்ங்கிறாங்க. ரேங்லர் ஜீன்ஸுக்கு பேரு வந்தது இந்த குதிரைக்காரர் வழியாத்தான், கணக்கு வாத்தியார் வழியா இல்ல :)

ஆமா, ரேங்லரை இங்கிலீஷ்ல எழுதும்போது முன்னாடி டபிள்யூ போட மறந்துடாதீங்க, சத்தம்தான் வராது.