ஐடிலிங் ஏறி இறங்குதா? சென்சாரை மாற்றும் முன் ஒரு நிமிஷம்

கேள்வி: பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 டர்போ பெட்ரோல் வைத்திருக்கிறேன். முந்தைய ஓனர் கூம்பு ஏர் ஃபில்டரும், காற்றை வெளியே விடுகிற ப்ளோ ஆஃப் வால்வும் மாட்டியிருக்கிறார். சிக்னலில் நின்றால் ஆர்பிஎம் 600-க்கும் 1,200-க்கும் நடுவே ஏறி இறங்குகிறது. ஸ்பீடு பிரேக்கருக்கு முன்னால் ஆக்சிலேட்டரை விட்டு கிளட்சை மிதித்தால் சில நேரம் ஆஃப் ஆகிவிடுகிறது. பிளக், காயில் மாற்றி, த்ராட்டில் பாடியும் (எஞ்சினுக்குக் காற்று போகிற கதவு) கழுவியாச்சு. ஸ்கேனரில் பி0171 கோடு (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம்). ஃப்யூவல் ட்ரிம் (எஞ்சின் கம்ப்யூட்டரான இசியூ தானாகக் கூட்டிக் குறைக்கிற பெட்ரோல், சதவீதத்தில்) ஐடிலில் +18, 2,500 ஆர்பிஎம்மில் +7. ஏர்ஃப்ளோ சென்சாரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
— வாசகர், கோவை

பதில்: வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். நீங்களே எழுதியிருக்கிற அந்த இரண்டு எண்களில் பாதி பதில் இருக்கிறது.

முதலில் அந்த +7. அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். சுத்தமான பெட்ரோல் 1 கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், இப்போது பங்கில் கிடைக்கிற இ20-க்கு (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) சுமார் 13.5 போதும். அதே காற்றுக்கு இசியூ எட்டு, ஒன்பது சதவீதம் அதிகமாகப் பெட்ரோல் விட்டே ஆக வேண்டும். ஆனால் இந்தக் கணக்கு ஐடிலிலும் ஓட்டத்திலும் ஒரே மாதிரிதான் வரும். உங்கள் வண்டியில் ஐடிலில் மட்டும் கூடுதலாக 11 ஏறியிருக்கிறது, அதற்குத்தான் காரணம் தேட வேண்டும். சென்சாரில் அழுக்கு என்றால் பெரும்பாலும் இது தலைகீழாக இருக்கும், மிதிக்க மிதிக்க ட்ரிம் ஏறும். ஐடிலில் அதிகமாகவும் வேகத்தில் குறைவாகவும் இருந்தால், எங்கேயோ அளக்காத காற்று உள்ளே போகிறது. நிற்கும்போது எஞ்சின் இழுக்கிற மொத்தக் காற்றே வினாடிக்கு இரண்டு மூன்று கிராம்தான், அதில் சின்ன ஓட்டைகூடப் பெரிய பங்கு. வண்டி ஓடும்போது அதே ஓட்டை கணக்கிலேயே வராது.

என் சந்தேகம் நேராக அந்த ப்ளோ ஆஃப் வால்வ் மேல்தான். உங்கள் வண்டியில் காற்றை அளக்கிற சென்சார் டர்போவுக்கு முன்னாலேயே, ஃபில்டரை ஒட்டி இருக்கிறது. அங்கே அளந்து முடித்த காற்றுக்கு இசியூ பெட்ரோல் கணக்குப் போட்டுவிடும். கம்பெனி வால்வ், ஆக்சிலேட்டரை விட்டதும் மிச்சக் காற்றைத் திரும்ப டர்போவின் வாய்க்கே அனுப்பும், கணக்கு கெடாது. நீங்கள் போட்டிருப்பது அந்தக் காற்றை வெளியே கொட்டுகிறது, பெட்ரோல் மட்டும் மிச்சம். அதனால்தான் ஸ்பீடு பிரேக்கரில் மூச்சு முட்டி ஆஃப் ஆகிறது; சைலன்சர் வாயில் விரலை வைத்துப் பாருங்கள், கரி ஒட்டும் (சூடு ஆறிய பிறகு, சாமி!).

ஐடிலில் நடப்பது இதற்கு நேர் எதிர். வால்வின் ஸ்ப்ரிங் லேசாக இருந்தால் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்புகிற குழாய்) வேக்கமே அதைத் திறந்து வைத்துவிடும், அது வழியாக வெளிக்காற்று சென்சார் அளக்காமலேயே உள்ளே போகும். இசியூ த்ராட்டிலை மூடும், ஆர்பிஎம் விழும், பதறிப்போய்த் திறக்கும், மறுபடி ஏறும். நீங்கள் பார்க்கிற 600, 1,200 ஆட்டம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சோதிக்கக் காசு வேண்டாம். எஞ்சின் சூடாகி ஐடிலில் இருக்கும்போது, மேனிஃபோல்டிலிருந்து வால்வின் தலைக்குப் போகிற மெல்லிய ஓஸைக் கழற்றி, மேனிஃபோல்டு பக்கத்து முனையை ஒரு போல்ட் வைத்து அடையுங்கள். வேக்கம் போகாததால் வால்வ் மூடியே இருக்கும். ஆட்டம் நின்றுவிட்டால் குற்றவாளி கிடைத்தாச்சு. கம்பெனி மாதிரி வால்வைத் திரும்ப மாட்டுங்கள். "ஃபிஷ்ஷ்" சத்தம் போய்விடும், தெரியும். அந்தச் சத்தத்துக்காகத்தான் பாதிப் பேர் இதை மாட்டுகிறார்கள், குதிரைசக்தி ஒன்றுகூட ஏறாது.

நிற்கவில்லையா? அப்புறம் இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிற பிரீத்தர் ஓஸ்களை (எஞ்சினுக்குள் சேருகிற எண்ணெய்ப் புகையைத் திரும்ப இன்டேக்குக்கு அனுப்புகிற குழாய்கள்) பாருங்கள். இந்த எஞ்சினில் அவை எண்ணெயில் ஊறி, அழுத்தினால் களிமண் மாதிரி அமுங்கி, அடிப்பக்கம் வெடித்திருக்கும். மேலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. பிரேக் பூஸ்டர் (வேக்கத்தை வைத்து பிரேக் பெடலை லேசாக்குகிற பகுதி) ஓஸையும் விடாதீர்கள். ஸ்மோக் டெஸ்ட் செய்கிற கடை கிடைத்தால் சுலபம், புகை வருகிற இடம்தான் ஓட்டை. சூடான எஞ்சினில் கார்ப் கிளீனர் அடித்துத் தேடுகிற வேலை மட்டும் வேண்டாம், டர்போ பக்கம் பட்டால் தீப்பிடிக்கும்.

இன்னொன்று, த்ராட்டில் பாடியைக் கழுவிய பிறகு ஸ்கேனர் போட்டு அடாப்டேஷன் செய்தார்களா என்று கேளுங்கள். செய்யாவிட்டால், பழைய அழுக்குக்குப் பழகிய கணக்கிலேயே இசியூ ஓட்டிக்கொண்டிருக்கும்.

கேள்வி: ஹோண்டா சிட்டி விடெக். பெரிய இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சுகிற வால்வ்) போட்டு டியூன் செய்தேன். பகலில் ஐடிலிங் அருமை. ராத்திரி ஹெட்லைட், ஏசி, ஃபேன் மூன்றும் ஓடினால் நடுங்குகிறது.
— வாசகர், சேலம்

பதில்: வோல்டேஜ். இன்ஜெக்டருக்கு கரன்ட் கொடுத்த உடனே திறக்காது, ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட் தாமதமாகும். 14 வோல்ட்டில் இருப்பதைவிட 12-ல் அந்தத் தாமதம் அதிகம். பெரிய இன்ஜெக்டர் ஐடிலில் திறந்திருக்கிற நேரமே கொஞ்சம்தான், அதில் இந்தத் தாமதம் பெரும் பங்கைத் தின்றுவிடும். அந்த இன்ஜெக்டருக்கான டெட் டைம் டேபிளை (இந்தத் தாமதத்தின் அட்டவணை), ஒவ்வொரு வோல்டேஜுக்கும் தனித்தனியாக, உங்கள் டியூனர் ஏற்றியிருக்கிறாரா என்று கேளுங்கள். பழைய இன்ஜெக்டரின் டேபிளையே விட்டிருந்தால் இப்படித்தான் ஆகும். கூடவே எர்த் ஒயரையும் ஆல்டர்னேட்டரையும் ஒரு தடவை மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பெரிய கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டு) போட்ட பின் 800 ஆர்பிஎம்மில் வண்டி குலுங்குகிறது. பழுதா?
— வாசகர், திருச்சி

பதில்: பழுதில்லை. இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கிற நேரம் கூடிவிட்டது, எரிந்த புகை கொஞ்சம் திரும்ப உள்ளே வருகிறது. ஐடிலை 950, 1,000 பக்கம் ஏற்றி டியூன் செய்யச் சொல்லுங்கள். பிரேக்கை மட்டும் கவனியுங்கள்: வேக்கம் குறைந்திருக்கும், ஐடிலில் ரெண்டு மூன்று தடவை மிதித்ததும் பெடல் கல்லாகிவிட்டால் பூஸ்டருக்குத் தனி வேக்கம் பம்ப் போடாமல் ரோட்டில் எடுக்காதீர்கள்.